ஸ்மௌக் என்றால் புகை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கற்பனை உலகத்து டிராகன்களின் பெயர்களைப் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளோடு உட்கார்ந்து படித்தேன். தமிழில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. 'தி ஹாபிட்' கதையின் டிராகனை 'ஸ்மாக்' என்று எழுதி, புகைமூட்டத்துக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று போட்டிருக்கிறீர்கள். அப்புறம் கடைசிப் பத்தியில், மற்ற பெயர்களெல்லாம் பயமுறுத்துவதற்காக வாய்க்கு வந்தபடி வைத்தவை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அவள் இரண்டையும் அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெயருக்கு, 'தி ஹாபிட்' எழுதிய டோல்கினே விளக்கம் சொல்லியிருக்கிறார், அதுவும் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில். 1937 செப்டம்பரில் புத்தகம் வந்தது, 1938 பிப்ரவரியில் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையில் அந்தக் கடிதம் வெளியானது. பழைய ஜெர்மானிய மொழியில் 'ஸ்முகன்' என்று ஒரு வினைச்சொல், துளைக்குள் நெருக்கிக்கொண்டு நுழைவது என்று பொருள், அதன் இறந்தகால வடிவம்தான் ஸ்மௌக். அதாவது 'நுழைந்தான்'. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர், சொல்லின் வேரைப் பார்க்காமல் பெயர் வைக்க அவரால் முடியாது. வினைமுற்றே ஆளுக்குப் பெயராவது நமக்கும் புதிதில்லை, வினையாலணையும் பெயர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம், அதனால் இந்த நயம் தமிழில் சொன்னால் சட்டென்று பிடிபடும். குள்ளர்கள் மலைக்குள் குடைந்த கூடங்களில் புகுந்து, அவர்கள் தங்கத்தையெல்லாம் குவித்து அதன்மேல் படுத்துக்கொண்டவன் அவன். அவனைத் தேடிப் போகும் கதாநாயகன், பில்போ என்ற ஹாபிட்டும் வளைக்குள் வாழ்கிறவன்தான். ஹாபிட்களின் வளையைக் குறிக்க டோல்கின் பிற்பாடு கொண்டுவந்த 'ஸ்மியல்' என்ற சொல்லும், அதே கதையில் வரும் கொல்லம் என்ற பாத்திரத்தின் பழைய பெயரான 'ஸ்மீகல்' என்பதும்கூட இதே வேரில் முளைத்தவை. புகை என்று எழுதிவிட்டால் இது அத்தனையும் போய்விடுகிறதே!

அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார், ஸ்மௌக் என்பது அந்த டிராகனின் புனைபெயர்தானாம். இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. ராத்திரியில் பாம்பு என்று சொல்லவே விடமாட்டாள், பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். வயிற்றில் இருப்பதும் பூச்சி, செடியை அரிப்பதும் பூச்சி, கொல்லையில் சரசரவென்று ஓடியதும் பூச்சி. பழைய ஆங்கிலத்தில் 'விர்ம்' என்ற சொல் கிட்டத்தட்ட இப்படித்தான், புழுவுக்கும் பாம்புக்கும் டிராகனுக்கும் அந்த ஒரே சொல். டோல்கின் ஆயுள் முழுக்கப் படித்த 'பேவுல்ஃப்' காவியத்தில் கதாநாயகனைக் கொல்லும் டிராகனுக்குப் பெயரே கிடையாது, 'விர்ம்', 'டிராகா' என்று பொதுப்பெயரால்தான் வருகிறது.

பெயர் தெரிந்தால் பிடி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இந்தக் கதைகளில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) பாடலில், குத்துப்பட்டுச் சாகும் ஃபாஃப்னிர் என்ற டிராகன் நீ யார் என்று கேட்க, குத்திய வீரன் சிகுர்து முதலில் பெயரை மறைக்கிறான், ஏனென்றால் சாகிறவன் பெயர் சொல்லிச் சபித்தால் அது பலிக்கும். பில்போவும் ஸ்மௌக்கிடம் பெயரைச் சொல்லாமல், 'பீப்பாய் மேல் சவாரி செய்தவன்' என்பதுபோல விடுகதையாகத்தான் பேசுகிறான், அந்த ஒரு பட்டத்திலேயே ஸ்மௌக்கின் சந்தேகம் பீப்பாய் வணிகம் செய்யும் ஏரி நகரத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ நாவலில் இது தலைகீழ். பெண்டோர் தீவின் டிராகனுடைய உண்மைப் பெயரைக் கெட் என்ற இளம் மந்திரவாதி ஊகித்துச் சொல்லிவிடுகிறான், அந்தப் பெயரின் மேல் சத்தியம் வாங்கி அதை மனிதர்களின் தீவுகள் பக்கமே வரவிடாமல் கட்டிப்போடுகிறான்.

சரி, டிராகன் என்ற சொல்லுக்கு வருகிறேன். இதற்கு மூலம் கிரேக்க 'டிராகோன்'. அதைப் பார்த்தல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையோடு மொழியறிஞர்கள் சேர்க்கிறார்கள், அந்த வேருக்குச் சமஸ்கிருதத்தில் உறவு 'த்ருஷ்', அங்கிருந்துதான் நமக்குத் தரிசனமும் திருஷ்டியும் வந்தன. டோல்கினின் இன்னொரு டிராகன், இமையில்லாத கண்களால் பார்த்தே டூரின் என்ற வீரனை மயக்கி நிறுத்துவதைப் படிக்கும்போது, திருஷ்டி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அதே 'டிராகோன்'தான் தமிழ் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் 'வலுசர்ப்பம்' ஆகியிருக்கிறது. எவ்வளவு நல்ல சொல், சிறுவர் கதைகளிலும் அதைப் பார்க்க எனக்கு ஆசை.

எல்லாப் பெயருக்கும் வேர்ச்சொல் தேட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கதையில் ட்ரோகன், ரேகல், விசேரியன் என்ற மூன்று டிராகன்களின் பெயர்களும் அவற்றை வளர்க்கும் டனேரிஸின் இறந்துபோன கணவன் ட்ரோகோவையும் அண்ணன்மார் ரேகரையும் விசேரிஸையும் நினைத்து வைத்தவை, அங்கே பெயரின் பொருள் அந்த மனிதர்கள்தான். தாத்தாவின் பெயரைச் சுமப்பவனைப் பெயரன் என்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கு வந்தபடி வைத்தவை என்று இவற்றையும் தள்ளிவிட முடியாது.

கடைசியாக, எழுத்து. டோல்கினின் பெயர்களில் அந்த இரட்டை உயிரை 'ஔ' என்றுதான் உச்சரிக்க வேண்டும், அதற்கென்றே தமிழில் ஓர் எழுத்து இருக்கிறது. கட்டுரை அடுத்த வாரமும் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள், டூரின் கதை அதில் வருமானால் அந்த டிராகனைக் 'கிளௌருங்' என்று அச்சிடுங்கள், கூடவே ஸ்மௌக்குக்கு ஒரு திருத்தமும் போடுங்கள். நோட்டில் ஒட்டிக்கொள்வதற்காக என் அக்கா மகள் அந்தப் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டுவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்