ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் கேபிள் தொழில் செய்து வருகிறேன். இணையச் செயலிகளில் நிகழ்ச்சிகளைக் காட்டும் ஓடிடி வந்த பிறகு கேபிள் இணைப்புகள் குறைந்து வருவதைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். மக்களின் விருப்பம் மாறிவிட்டது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான் என்றாலும் முழு உண்மை அல்ல. ஒரு நிகழ்ச்சி வயர் வழியாக வீட்டுக்குள் போனால் ஒரு சட்டம், அதே நிகழ்ச்சி செயலி வழியாகப் போனால் வேறொரு சட்டம் என்று இருப்பதும் எங்களைச் சாய்த்திருக்கிறது.

புதிய தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகை இல்லை. 1975இல் தொடங்கிய சென்னைத் தூர்தர்ஷனையே நம்பியிருந்த குடும்பங்களை, 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் இழுத்தவர்கள் நாங்கள்தாம். மொட்டை மாடியில் டிஷ்ஷை நிறுத்தி, தெருத் தெருவாக வயர் இழுத்து, இடி விழுந்த மறுநாள் கருகிய ஆம்ப்ளிபையரை மாற்ற ஓடிய காலம் அது. 1995இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டோம்.

2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு அது 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் விலையை அறிவித்தாக வேண்டும். பார்வையாளர்களுக்கு எந்தச் சேனல் வேண்டும் என்று கேட்டுத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினோம். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த 130 ரூபாயில் 55 சதவீதம், சேனல்களைப் பெற்று எங்களுக்கு அனுப்பும் பெரிய நிறுவனமான எம்.எஸ்.ஓ.வுக்கும், 45 சதவீதம், அதாவது 58 ரூபாய் 50 காசு, எங்களுக்கும் என்று பங்கும் வகுக்கப்பட்டது. ஆள் கூலி, வயர் செலவு, மின்கட்டணம் எல்லாம் அதற்குள்தான். 2024இல் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஆனால் கட்டணத்தை உயர்த்தினால் மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள் என்ற நிலை அதற்குள் வந்துவிட்டது.

செயலிகளுக்கு இப்படிப்பட்ட கட்டண விதி எதுவும் கிடையாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அவற்றின் உள்ளடக்கத்தைப் பற்றியும் புகார்களைப் பற்றியும் பேசுகின்றன, விலையைத் தொடவில்லை. 2023 ஐபிஎல் போட்டிகளைக் கைபேசியில் எல்லோரும் இலவசமாகப் பார்த்தார்கள். அதே ஆட்டத்தைக் காட்டிய விளையாட்டுச் சேனலுக்கு நான் வீடு வீடாகக் கட்டணம் வசூலித்தேன். "போனில் சும்மா வருகிறதே, உனக்கு எதற்குப் பணம்?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சேனல் நடத்துபவர்களே செயலியும் நடத்துகிறார்கள். இரவில் ஒளிபரப்பாக வேண்டிய தொடரை அன்று காலையிலேயே செயலியில் வெளியிடும் வழக்கமும் வந்துவிட்டது. மருமகள் பேருந்தில் போகும்போதே பார்த்து முடித்த கதையை, மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டும் மாமியார் இரவு வரை காத்திருந்து பார்க்கிறார். 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்ற அறிவிப்புக்காகப் பொங்கலும் தீபாவளியும் களைகட்டிய காலம் போய், திரையரங்கில் நான்கு வாரம் முடிந்ததும் பல படங்கள் ஓடிடிக்குப் போய்விடுகின்றன.

என் வசூல் நோட்டில் தெருவுக்கு ஒரு பக்கம். 42 பெயர்கள் இருந்த ஒரு பக்கத்தில் 25 பெயர்களுக்கு எதிரே 'கட்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். மீதிப் பதினேழு வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவர்கள். "படம் வரலைப்பா" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் ரிமோட்டில் ஏதோ பட்டன் அழுந்தி ஏவி மாறியிருக்கும். அரை நிமிட வேலைதான். இதற்கென்று வாசல் வரைக்கும் வர எந்தச் செயலியிலும் ஆள் இல்லை. சிறு கேபிள்காரர்கள் மட்டும் நொடிந்து போகவில்லை. டிராய் கணக்குப்படி 2021இல் ஏறத்தாழ 7 கோடியாக இருந்த டிடிஎச் இணைப்புகள் 2025இல் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன.

டிராயும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் இதில் தலையிட வேண்டும். கேபிளில் கட்டணம் வாங்கும் ஒரு சேனல், அதே நிகழ்ச்சியைச் செயலியில் முன்கூட்டியே வெளியிடக் கூடாது. செயலியில் இலவசமாகக் கொடுத்தால், அத்தனை நாளும் கேபிள் சந்தாதாரருக்கும் அந்தச் சேனலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2019இல் வகுத்த அந்த 45 சதவீதப் பங்கையும், இன்றைய கூலியையும் வயர் விலையையும் கணக்கில் எடுத்து, உள்ளூர் ஆபரேட்டர்களையும் அழைத்துப் பேசித் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்,
விருதுநகர் மாவட்டம்.