கோல் போஸ்ட் இல்லாத ஹேண்ட்பால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் பற்றிய கட்டுரை படித்தேன். அவருடைய மேலாளர்களில் ஒருவரான ஜிம் ஜேக்கப்ஸை "முன்னாள் ஹேண்ட்பால் வீரர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பக்கத்தில் யாரோ எகிறிக் குதித்து கோல் அடிக்கும் படத்தைப் போட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவனுக்கு மனசு கேட்கவில்லை.

ஜேக்கப்ஸ் ஆடியது அணிக்கு ஏழு பேர் ஆடி கோல் போடும் ஹேண்ட்பால் அல்ல. அமெரிக்காவில் அதே பெயரில் வேறோர் ஆட்டம் உண்டு. ஸ்குவாஷ் போலச் சுவரில் பந்தை அடிக்க வேண்டும். ஆனால் மட்டை கிடையாது, கையுறை மாட்டிய உள்ளங்கைதான். 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் நான்கு சுவர் கொண்ட அறை, சின்ன ரப்பர் பந்து. இடப்பக்கம் வருகிற பந்தை இடது கையால்தான் எடுக்க வேண்டும், மட்டை ஆட்டங்களைப் போல வலது கையையே குறுக்கே கொண்டுவந்து பேக்ஹேண்ட் என்று சமாளிக்க முடியாது. பீச்சாங்கைப் பழக்கம் என்று நாம் பிள்ளைகளை அதட்டுவோமே, அந்தக் கை பழகாதவன் அங்கே பட்டம் வாங்கவே முடியாது.

1930இல் பிறந்து லாஸ் ஏஞ்சலீஸில் வளர்ந்த ஜேக்கப்ஸ், 1955இல் முதல் தேசியப் பட்டம் வென்றார். ஒற்றையரில் மொத்தம் 6, மார்ட்டி டிகேட்டருடன் இரட்டையரில் 6. இத்தனைக்கும் அதில் பிழைப்பு நடத்தும் அளவுக்குக் காசில்லை. அவருக்கு முந்தைய பெரிய சாம்பியன் விக் ஹெர்ஷ்கோவிட்ஸ் நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்தவர். ஜேக்கப்ஸுக்குச் சோறு போட்டது பழைய குத்துச்சண்டைப் படச்சுருள்கள். தேடித் தேடிச் சேர்த்து, பில் கேட்டனுடன் கூட்டாகத் தொழில் செய்தார். அந்தச் சுருள்களை ஓட்டிப் பார்த்துத்தான் சிறுவன் டைசன் பழைய வீரர்களைப் படித்தார். கட்டுரையில் இதுவும் இல்லை.

1988 மார்ச் 21இல் டோக்கியோவில் டைசன் டோனி டப்ஸை வீழ்த்தினார். 23ஆம் தேதி ஜேக்கப்ஸ் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். வயது 58. சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் டைசனும் ஒருவர்.

நான் வேலை பார்த்த பள்ளியில் பந்து வாங்கக்கூடப் பணம் இருக்காது. பையன்கள் பழைய டென்னிஸ் பந்தைக் கையாலேயே மேடைக்குப் பின்புறச் சுவரில் அடித்து ஆடுவார்கள். சுண்ணாம்பு உதிர்கிறது என்று பிரம்போடு விரட்டியது நான்தான்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விருதுநகர்