என்னை இரும வைத்தவர்களுக்கு

அறுவை சிகிச்சைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் என்னைப் பார்த்துக்கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

ஏழு மாதங்களுக்கு முன் உங்களிடம் விடைபெற்றபோது எனக்குக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கைகூப்பிவிட்டுச் சக்கர நாற்காலியில் போய்விட்டேன். இப்போது குரல் திரும்பிவிட்டது. சொல்ல வேண்டியதும் நிறையச் சேர்ந்திருக்கிறது. அதில் பாதி நன்றி, பாதி மன்னிப்பு. அன்று எழுதுபலகையில் பெரிய எழுத்துகளில் உங்களைத் திட்டியது வார்டு முழுக்கத் தெரியும். ஆகவே இதையும் நாலு பேர் அறியத்தான் சொல்ல வேண்டும்.

உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்த புற்றுநோயை வெட்டியெடுத்த கைகளுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்குப் பின் வந்த நிமோனியாவைப் பற்றியது. புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் தயாராகியிருந்தேன். கீமோ, கதிர்வீச்சு, அறுவை என்று எல்லாவற்றுக்கும் மனத்தைப் பழக்கியிருந்தேன். நிமோனியாவை மட்டும் மழையில் நனைந்தவர்களுக்கு வரும் காய்ச்சல் என்ற அளவில்தான் நினைத்திருந்தேன்.

அறுவை நிபுணரான டாக்டர் ஒரு பழைய அறிக்கையின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கியது நினைவிருக்கிறது. உணவுக்குழாயை எடுத்தபின் இரைப்பையையே குழாய்போல் ஆக்கி மேலே இழுத்து இணைக்கிறார்கள். அதைச் செய்ய மார்பைத் திறக்கும்போது ஒரு பக்க நுரையீரலைச் சில மணி நேரம் காற்றின்றிச் சுருக்கி வைக்கிறார்கள். மீண்டும் விரிந்தாலும் அது பழைய வேகத்துக்கு வர நாளாகும். விலா எலும்புகளுக்கு இடையே வெட்டிய இடம் ஆழ்ந்து மூச்சிழுக்க விடாது. மூச்சை மேலோட்டமாக விட்டால் சளி அடியில் தங்கும், தங்கிய சளியில் கிருமி பெருகும். போதாக்குறைக்கு, இரைப்பையில் உள்ளது மேலே ஏறாமல் தடுக்கும் வாசல் இனி இல்லை. மட்டமாகப் படுத்தால் உள்ளே இருப்பது தொண்டைக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். "அறுவையை நான் பார்த்துக்கொள்கிறேன். இருமுவது உங்கள் வேலை" என்றார். தலையாட்டினேன். எவ்வளவு பெரிய வேலை என்று தெரியாமல் ஆட்டிய தலை அது.

இனி, பிசியோதெரபிஸ்ட் அம்மணி, உங்களுக்கு. என் மகள் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. அறுவை முடிந்த மறுநாள் காலையிலேயே வந்து, மார்பிலிருந்து இரண்டு குழாய்கள், வயிற்றில் ஒன்று, முதுகில் வலி மருந்துக்கு ஒன்று, மூக்கில் ஒன்று என்று ஆணியடித்ததுபோல் கிடந்தவனை நாற்காலியில் உட்காரச் சொன்னீர்கள். எழுதுபலகையைக் கேட்டு வாங்கி "மனிதாபிமானம் இல்லையா?" என்று எழுதினேன். படித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று பாராட்டிவிட்டு, என்னை உட்கார வைத்தீர்கள்.

பிறகு மூச்சுப் பயிற்சிக்கான அந்த மூன்று பந்துக் கருவி. உறிஞ்சினால் பந்து ஏறும். நொடிக்கு 600, 900, 1200 மில்லி என்று அதில் அச்சிட்டிருக்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை இழுக்கச் சொன்னீர்கள். முதல் பந்து சோம்பலாக எழுந்து பார்த்தது, மற்ற இரண்டும் அசையவே இல்லை. நீங்கள் போனதும் கருவியைத் தலையணைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நோட்டில் பத்து, பத்து என்று எழுதிக்கொண்டேன். அந்தக் கணக்கு பொய் என்பதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் இரவு அதற்கான பலன் வந்தது. என் பொய்க் கணக்கு மட்டுமே காரணம் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். இந்த அறுவைக்குப் பின் நிமோனியா அடிக்கடி வரும் தொல்லைதானாம், எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வருமாம். அவர் பெருந்தன்மை அது.

அந்த இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. திரையில் எல்லா எண்களும் ஓரளவு சரியாகத்தான் இருந்தன என்று என் மனைவி சொல்கிறாள். நீங்கள் திரையைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு நிமிடம் முழுக்க என் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினீர்கள். 28. மாலையில் 18 ஆக இருந்ததாம். "இன்று என்ன கிழமை?" என்று கேட்டீர்கள். நான் பலகையில் என் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதினேன். காய்ச்சல் 102 டிகிரிக்கு ஏறியதும் ரத்தத்தில் ஆக்சிஜன் 89 சதவீதத்துக்கு இறங்கியதும் அதற்குப் பிறகுதான். அதற்குள் மருத்துவர் படுக்கையருகே வந்துவிட்டிருந்தார். காய்ச்சல் வரட்டும், பார்க்கலாம் என்று நீங்கள் இருந்திருந்தால் எத்தனை மணி நேரம் போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க நான் விரும்பவில்லை.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெண்மையாக இருந்தது. உடனே நிமோனியா என்று முடிவுகட்டி மருந்து எழுதியிருக்கலாம். டாக்டர், மருந்தை அந்த இரவே தொடங்கினீர்கள். ஆனால் சந்தேகத்தை விடவில்லை. மார்புக்குள் இணைத்த இடம் ஒழுகினாலும் இதே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும் என்பதால், விடியும் முன்பே ஸ்கேனுக்கு அனுப்பினீர்கள். தையல் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்தபின்தான் முதல் முறையாக உங்கள் முகம் தளர்ந்ததாக என் மனைவி சொல்வாள். அவள் மருத்துவ அறிக்கைகளைவிட மருத்துவர் முகங்களை நம்புகிறவள்.

முதல் ஊசி போடுவதற்குமுன் சளி மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியவருக்கும், அதில் வளர்ந்த கிருமி எந்த மருந்துக்குப் பணியும் என்று கண்டு சொன்ன, நான் ஒருநாளும் பார்த்திராத ஆய்வகத்தாருக்கும் நன்றி. இரண்டு நாளில் முடிவு வந்து மருந்து மாறியது. அதற்கிடையே மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விட்டு அடைத்திருந்த சளிக் கட்டியை உறிஞ்சி எடுத்தீர்கள். முகமூடி இறுக்கி அழுத்தமாகக் காற்றைச் செலுத்தினால் புதிய தையலுக்கு ஆகாதே என்று தயங்கி, மூக்கின் வழியே சூடும் ஈரமும் கலந்த ஆக்சிஜனை வேகமாக விடும் கருவியைப் பொருத்தினீர்கள். வென்டிலேட்டர் என் கட்டில் அருகே மூன்று நாள் நின்றது. அது வேண்டியிருக்கவில்லை.

மயக்கவியல் மருத்துவருக்கு ஒரு வரியாவது எழுதாவிட்டால் தவறு. வலியைத் தாங்குவது வீரம் என்று நான் நினைத்திருந்தேன். வலி இருந்தால் இருமல் வராது, இருமாவிட்டால் சளி போகாது என்று சொல்லி முதுகுக் குழாயில் மருந்தைக் கூட்டினீர்கள். அன்றுதான் முதல் உருப்படியான இருமல் வந்தது.

அந்த இருமலை எப்படிச் சொல்வது! தலையணையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, வெடிக்க வேண்டும். வெடிக்கும்போது தையலெல்லாம் பிரிந்துவிடும் என்று தோன்றும். தலையணை அதைத் தாங்கிப் பிடிக்கும். பிசியோ அம்மணி என் முதுகில் கைவைத்து "இன்னும் ஒன்று" என்பார். அந்த "இன்னும் ஒன்று" பன்னிரண்டு வரை போகும். பார்க்க வந்த உறவினர் ஒருவர் மனம் பொறுக்காமல், "பாவம், தூங்கட்டும், விடுங்களேன்" என்றார். எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியது. இப்போது நினைத்தால், அந்த வாரம் என் உயிருக்கு மிக ஆபத்தான ஆலோசனை அதுதான். அவரிடம் இதைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நடக்க வைத்தபோது குழாய்களையும் பாட்டில்களையும் ஏந்திக்கொண்டு உடன் வந்த வார்டு உதவியாளர் தம்பிக்கும், காலையும் இரவும் சலிக்காமல் பல் துலக்கிவிட்ட சிஸ்டர்களுக்கும் நன்றி. வாயால் சாப்பிடாதவனுக்குப் பல் துலக்குவது எதற்கு என்று எரிச்சலோடு எழுதிக் கேட்டேன். வாயில் பெருகும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும் என்று பதில் வந்தது. கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

குரல்நாண் நரம்பு சோர்ந்திருந்ததால் குரல் போனதோடு, விழுங்கும்போது மூச்சுக்குழாய் சரியாக மூடாமல், தண்ணீரும் எனக்கு எதிரியாக இருந்தது. விழுங்கும் பயிற்சி தந்த நிபுணர் மோவாயை மார்பில் பதித்துச் சிறு மடக்காக விழுங்கப் பழக்கினார். சாப்பிடும்போது பேசக் கூடாது என்றார். குரலே இல்லாதவனிடம் அதைச் சொன்னதற்கு இருவருமே சிரித்தோம். அது வரை சிறுகுடலில் வைத்த குழாய்தான் எனக்குச் சோறு போட்டது.

என் மனைவி தன் பெயர் இதில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சளியின் நிறத்தையும் அளவையும் தினம் மூன்று வேளை நோட்டில் குறித்தவள் யார் என்பதை நீங்களே அறிவீர்கள். அவள் கணக்கில் பொய் இல்லை.

இப்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தித்தான் தூங்குகிறேன். சிறுசிறு அளவாக ஆறு வேளை சாப்பிடுகிறேன். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். இரண்டாவது பந்து ஏறுகிறது. மூன்றாவதை என் பேரன் ஒரே இழுப்பில் ஏற்றிவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

கடைசியாக ஒன்று. நான் கட்டிக்கொண்டு இருமிய தலையணை உங்கள் வார்டுடையது. புறப்பட்ட அவசரத்தில் என் மடியிலேயே வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் தெரிந்துதான் எடுத்து வந்தேன். திருப்பித் தர மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு புதிய தலையணைகளை இந்த மடலோடு அனுப்புகிறேன். கொஞ்சம் கெட்டியானவையாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். மெத்தென்று இருந்தால் இருமும்போது பிடி கிடைக்காது.