மாத்திரையை வெட்டும் முன்: மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் கவுன்ட்டரில் நிற்கும் தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

"அண்ணே, இறால் சாப்பிட்டேன், உடம்பெல்லாம் தடிச்சிருச்சு" என்று கையைச் சொறிந்துகொண்டே ஒருவர் வருகிறார். நீங்கள் அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டு அவில் அலர்ஜி மாத்திரை கொடுத்து அனுப்புகிறீர்கள். வெறும் அரிப்பும் தடிப்பும்தான் என்றால் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பல ஊர்களில் டாக்டருக்கு முன்னால் நோயாளியைப் பார்ப்பது நீங்கள்தான். அதனால்தான் இதைச் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் நீட்டுகிற கையோடு நிறுத்தாமல், பேசுவதையும் மூச்சு விடுவதையும் கவனியுங்கள். குரல் கரகரக்கிறதா? தொண்டையை அடைக்கிறது என்கிறாரா? நாக்கு வீங்கிப் பேச்சு குழறுகிறதா? இருமல், இழுப்பு? கண் இருட்டுகிறது என்று கவுன்ட்டரைப் பிடித்துக்கொள்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலே அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி, ஆஸ்பத்திரி கேஸ். தடிப்பே இல்லாமலும் இப்படி வரலாம். குளவியோ கதண்டோ கொட்டியவர் உடனே வாந்தி எடுத்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். வேலை செய்தாலும் அரிப்பைக் குறைக்குமே தவிர, அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த பிரஷரைத் தூக்காது. அலர்ஜியால் இறந்தவர்களைப் பற்றி பிரிட்டனில் 2000-இல் வந்த ஓர் ஆய்வில், மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன நேரம் உணவென்றால் சுமார் 30 நிமிடம், பூச்சிக்கடி என்றால் 15, மருந்து ஊசி என்றால் வெறும் 5. மாத்திரை கரைவதற்குள் ஆள் போய்விடுவார். டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு ஊசிக்கும் மணிக்கணக்கில் நேரம் வேண்டும். உயிரைப் பிடித்து நிறுத்துவது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் இன்னொன்று. விலை குறைந்த, பழைய மருந்துதான். அதை நீங்களே போடுங்கள் என்று சொல்லவில்லை. போடுகிற இடத்துக்கு ஆளைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்கிறேன்.

அனுப்புகிற விதமும் முக்கியம். "பைக்கை எடுத்துக்கிட்டு நீயே போயிடுப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரஷர் இறங்கிய ஆளை எழுப்பி நடக்கவிட்டால் அந்த நொடியிலேயே இதயம் நின்றுபோகலாம். தலைசுற்றல் இருந்தால் கடைக்குள்ளேயே படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும், கால் நீட்டியபடி. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாக. சோடா, மோர் எதுவும் வேண்டாம்.

அப்புறம் 108. வெறுமனே "அலர்ஜி" என்று சொன்னால் அரிப்பு என்றுதான் கேட்கிறவருக்குத் தோன்றும். "அலர்ஜி, மூச்சு விட முடியல" என்றே சொல்லுங்கள். என்ன சாப்பிட்டார், எது கொட்டியது, எத்தனை மணிக்கு, நீங்கள் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதன் பெயர் என்ன என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கூட வந்தவரிடம் கொடுங்கள். ஊசி போட்டதும் தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டாம், சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரும் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடை வாடிக்கையாளன்