நிக்கல் மலிவுதான், அமோனியாவை மறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல்நிலை அமீன் (நைட்ரஜனுடன் ஒரே ஒரு கரிமத் தொகுதி இணைந்த சேர்மம்) தயாரிக்க, வினையூக்கியாக விலைமிக்க பல்லேடியத்துக்குப் பதில் நிக்கல், கோபால்ட் போதும் என்று சொல்லப்படுவது சரியே. ஆனால் உலோக விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது ஆபத்து. நைட்ரைலை (கார்பன்-நைட்ரஜன் முப்பிணைப்புள்ள சேர்மம்) ரானே நிக்கல் என்ற நுண்துளை நிக்கல் வினையூக்கி கொண்டு ஹைட்ரஜனேற்றும்போது முதலில் இமீன் என்ற இடைநிலைச் சேர்மம் உருவாகும். ஏற்கெனவே விளைந்த அமீன் அதனுடன் வினைபுரிந்தால் வேண்டாத இரண்டாம்நிலை அமீன் கலந்துவிடும். மிச்சம் பிடித்த பணம் பிரித்தெடுப்பதிலேயே கரையும். தொடக்கத்திலேயே அமோனியாவை மிகையாகச் சேர்த்தால் இது பெரிதும் கட்டுப்படும்.

ரானே நிக்கல் தயாரிக்க, நிக்கல், அலுமினியம் சரிபாதி கலந்த உலோகக்கலவைப் பொடியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஹைட்ரஜன் நுரைத்துப் பொங்கி வழியும். காரம் போகக் கழுவி, நீருக்கடியிலேயே வைக்க வேண்டும். வடிதாளில் ஈரம் காய்ந்த கணமே தானாகத் தீப்பிடிக்கும். பல ஆய்வகங்களில் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

ஜெர்மனியின் ராஸ்டாக் நகர லைப்னிட்ஸ் வினையூக்க நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட கோபால்ட் வினையூக்கிக்கு இப்படித் தீப்பிடிக்கும் தொல்லை இல்லை. உலோக-கரிமச் சேர்மத்தை 800 டிகிரி செல்சியஸில் சுட்டு, கார்பன் போர்த்திய நுண்துகள்களாக்கினர். வடிகட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் உயர் ஹைட்ரஜன் அழுத்தம் தாங்கும் கலன் அதற்கும் வேண்டும். சிறு ஆலைகளுக்கு அந்தச் செலவே பெரிது.

இப்படிக்கு,
தொழிற்சாலை வேதியியலாளர் ஒருவர்