புலனாய்விலிருந்து வரும் வேட்பாளரிடம் ஒரு தாள் கேளுங்கள்: கட்சிச் செயலாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய செயலாளர்களுக்கு,

தலைவர்கள் மேடையில் பேசுவார்கள். வேட்புமனுப் பட்டியல் உங்கள் கையால்தான் போகிறது. அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்: இராணுவப் புலனாய்விலிருந்து வரும் வேட்பாளரிடம், எந்த ஆண்டு எங்கே என்ன பொறுப்பில் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற படை அதிகாரிகளுக்கு இடம் கொடுப்பது இலங்கைக் கட்சிகளுக்குப் புதிதல்ல. காலாட்படையில் இருந்தவர் என்றால் ஊருக்கு ஏதோ தெரியும். எந்தப் படையணி, எந்த முகாம், எந்தச் சண்டை என்று பழைய செய்தித்தாளிலாவது கிடக்கும். இராணுவப் புலனாய்வில் இருந்தவர் அப்படியல்ல. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவருடைய கதை. தடயம் விடாமல் வேலை செய்வதற்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தோம்.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவைப் பாருங்கள். 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இரண்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று ஐ.நா. துணையோடு இயங்கிய உண்மை ஆணைக்குழு 1999இல் சொன்னது. அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா பழங்குடியினர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வந்து அமர்ந்த தாய்மாரை அந்த நாட்டில் கொண்டுபோய் விட்டால், மொழி தெரியாத குறையைத் தவிர வேறு குறை இராது.

அந்த நாட்டில் ஒட்டோ பெரெஸ் மொலினா என்ற ஜெனரல் 1990களின் தொடக்கத்தில் இராணுவப் புலனாய்வின் தலைவராக இருந்தார். 1993இல் ஜனாதிபதி செரானோ நாடாளுமன்றத்தைக் கலைத்து எல்லா அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொள்ள முயன்றபோது, அதற்கு இணங்காமல் நின்ற அதிகாரிகளில் அவர் முக்கியமானவர். 1996 சமாதான உடன்படிக்கையில் இராணுவத்தின் சார்பில் கையெழுத்திட்டார். இவை பொய்யல்ல, அவருடைய உண்மையான பெருமைகள். ஓய்வு பெற்றதும் கட்சி தொடங்கினார். முறுக்கிய கைமுட்டிதான் சின்னம், இரும்புக்கரம்தான் வாக்குறுதி. 2007இல் தோற்றார், 2011 நவம்பரில் வென்றார். கப்பம் கேட்கும் கும்பல்களாலும் தெருக்கொலைகளாலும் நொந்துபோன மக்கள் வாக்களித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பஸ் ஓட்டிப் பிழைப்பவன்கூடக் கப்பம் கட்டவில்லை என்பதற்காகச் சுடப்பட்ட நாடு அது.

ஆனால் சுவரொட்டியில் இல்லாத இன்னொரு பக்கம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில், மாயா பழங்குடியினரில் ஒரு பிரிவான இஷில் மக்களின் கிராமங்கள் எரிக்கப்பட்ட காலத்தில், அவர்களுடைய நெபாஹ் பகுதியில் ‘டிட்டோ’ என்ற பெயரில் ஒரு மேஜர் பணியாற்றினார். அவரும் இந்த ஜெனரலும் ஒருவரே. 2013இல் முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மொண்ட் மீதான இனப்படுகொலை வழக்கில் சாட்சி சொன்ன பழைய சிப்பாய் ஒருவர், அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி பெரெஸ் மொலினாவுக்கே அந்த எரிப்பில் பங்குண்டு என்றார். ஜனாதிபதி மறுத்தார். அந்தக் குற்றச்சாட்டில் எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. நானும் தீர்க்க வரவில்லை. அந்த மேஜர் அங்கே என்ன செய்தார் என்று அவரிடமே எழுத்தில் கேட்டுப் பதிலை வாக்காளர் முன் வைக்க வேண்டிய வேளை 2011. 2013 அல்ல.

“அதற்கெல்லாம் ஆவணம் எங்கே?” என்பீர்கள். ஆவணம் இருக்கும். புலனாய்வுக்காரர்களைப் போல எழுதி வைப்பவர்கள் உலகத்தில் இல்லை. குவாத்தமாலா இராணுவத்தின் இரகசியப் பதிவேடு ஒன்று 1999இல் வெளியே வந்தது. 1983க்கும் 1985க்கும் இடையில் பிடிக்கப்பட்ட 183 பேருடைய விவரம், பெரும்பாலும் படத்தோடு, அதில் இருந்தது. கொல்லப்பட்டவருக்கு நேரே ‘300’ என்ற குறி. அந்தப் பதிவேட்டில் இருந்தவர்களில் இருவருடைய எலும்புகள் பழைய இராணுவ முகாம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டு அடையாளம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2011 நவம்பரில். ஜெனரல் வென்ற அதே மாதம். இது அவர் புலனாய்வுத் தலைவராவதற்கு முந்திய காலத்துப் பதிவேடு. அவருடைய கையெழுத்து என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட அலமாரிகள் இருந்த ஒரு வீட்டுக்குத்தான் பின்னாளில் அவர் தலைவரானார் என்று மட்டும் சொல்கிறேன்.

முடிவு ஒரு வேடிக்கை. 2015இல் சுங்க மோசடி ஒன்றைப் புலனாய்ந்தவர்கள் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். பேசியவர்கள் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று இருவரைக் குறித்தார்கள். ‘ஒன்று’ ஜனாதிபதி, ‘இரண்டு’ துணை ஜனாதிபதி பால்டெட்டி என்பது வழக்குத்தொடுநரின் வாதம். ஒட்டுக்கேட்கும் துறையின் தலைவராக இருந்தவர் ஒட்டுக்கேட்டலில் அகப்பட்டார். செப்டெம்பரில் பதவி விலகிச் சிறைக்குப் போனார். 2022 டிசம்பரில் இருவருக்கும் 16 ஆண்டுகள்.

புலனாய்விலிருந்து வந்தவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று நான் கேட்கவில்லை. நம் நாட்டில் வேட்பாளர் சொத்து விவரம் கொடுக்கிறார். மனைவியின் நகை வரை எழுதுகிறார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அந்த விவரங்களை வீட்டிலிருந்தே படித்தோம். சங்கிலி எத்தனை பவுண் என்று தெரிந்துகொள்ளும் வாக்காளருக்கு, 2008இல் அவர் எந்த ஊரில் எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரியக்கூடாதா? 1955ஆம் ஆண்டு அரச இரகசியங்கள் சட்டத்தை எடுத்துக்காட்டுவார்கள். தகவல் கொடுத்தவர்களின் பெயரையோ நடவடிக்கை விவரத்தையோ யாரும் கேட்கவில்லை. எந்த ஆண்டு எங்கே, வேறு பெயரில் இயங்கினாரா, அவர் பொறுப்பில் தடுப்பு அல்லது விசாரணை இடம் ஏதாவது இருந்ததா, அவர் பெயரைச் சொல்லி எந்தக் குடும்பமாவது முறையிட்டிருக்கிறதா: ஒரு தாளுக்கு மேல் போகாது.

எங்கள் இயக்கங்களுக்கும் புலனாய்வுப் பிரிவுகள் இருந்தன. அவற்றிலிருந்து வந்து தமிழ்க் கட்சிகளில் வாக்குக் கேட்பவருக்கும் இதே தாள்தான். இதை எழுதுவதற்காக எங்கள் ஊரில் சிலர் என்னோடு பேசாமல் விடுவார்கள், பரவாயில்லை.

தேர்தல் ஆணைக்குழு இதைக் கேட்க வேண்டுமென்றால் சட்டம் திருத்த வேண்டும். நீங்கள் கேட்க எந்தச் சட்டமும் தேவையில்லை. அடுத்த வேட்புமனுவுக்கு முன் கேளுங்கள். வந்த பதிலைச் சிங்களத்திலும் தமிழிலும் கட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். பதில் தர மறுத்தால், மறுத்தார் என்று ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு வாக்காளர்