செயலாளரின் ஆண்டறிக்கை 2024: மாநிலத் தேர்தலும் வேட்பாளர் ஆதரவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பெற்றோர் வட்டத்தைச் சேர்ந்த அம்மா அப்பாக்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழும், தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட தமிழ்ப் பால்புதுமையரும் அவர்தம் குடும்பத்தினரும் கூடி நடத்திவரும் நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே பொருளை ஒட்டி நடந்தன. மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் ஒரு வேட்பாளருக்கு எந்த அடிப்படையில் ஆதரவு அறிவிக்கின்றன, அந்த அறிவிப்பை வாக்காளர்களாகிய நாம் எப்படி எடைபோட வேண்டும் என்பதே அப்பொருள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

நம்முடைய எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சங்கம் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் அறநிறுவனம் என்பதால், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ நமக்கு அனுமதி இல்லை. 501(சி)(4) பிரிவில் வரும் சமூக நல அமைப்புகளுக்கு, தேர்தல் வேலையே முதன்மைப் பணியாக ஆகிவிடாத வரையில், அந்த உரிமை உண்டு. கூட்டாட்சித் தேர்தல்களில் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தருவதற்கோ தனியாக ஓர் அரசியல் நிதிக் குழு வேண்டும். வெளியே ஒரே பெயரில் தெரியும் பெரிய அமைப்புகள் பல, உள்ளே இப்படி இரண்டு மூன்று சட்ட உருவங்களாகப் பிரிந்து இயங்குகின்றன. வீட்டுக்கு வரும் துண்டறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் யார் செலவில் அச்சானது என்று போட்டிருக்கும் வரியைப் படிக்கும் பழக்கம் இவ்வாண்டு நம் உறுப்பினர்கள் பலருக்கும் வந்திருப்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

எல்லா அமைப்புகளும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதில்லை. 1991இல் தொடங்கிய விக்டரி ஃபண்ட், தம் அடையாளத்தை வெளிப்படையாக அறிவித்த பால்புதுமைய வேட்பாளர்களை மட்டுமே ஆதரிக்கிறது. அவர்களுக்கு வெல்லும் வாய்ப்பு உண்டா என்பதையும் பார்க்கிறது. 2017இல் வர்ஜீனியா மாநிலக் கீழவைக்குப் போட்டியிட்டு, 1992 முதல் அந்த இடத்தில் இருந்த பாப் மார்ஷலைத் தோற்கடித்த திருநங்கை டானிகா ரோம் அவ்வாறு ஆதரவு பெற்றவர்களில் ஒருவர். நம் நகரத்தில் உள்ள ஸ்டோன்வால் ஜனநாயகக் கழகம் போன்ற கட்சி சார்ந்த மன்றங்களோ வேட்பாளர்களை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டு, உறுப்பினர் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்கின்றன. மாநில அளவிலான அமைப்புகள் அவையில் பதிவான வாக்குகளையும், வேட்பாளர் நிரப்பித் தரும் வினாப்பட்டியலையும் வைத்து முடிவெடுக்கின்றன.

அத்தகைய வினாப்பட்டியல் ஒன்றை நூலகக் கூடத்தில் வரிவரியாகத் தமிழில் சொல்லிப் படித்த மாலையில் எழுந்த ஒரு கேள்வி இவ்வாண்டு முழுவதும் நம்முடன் வந்தது. பட்டியலில் ஒவ்வொரு சட்டத்துக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பெற்றோர் வட்டத்தைச் சேர்ந்த ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஆதரிப்பீங்களான்னு கேக்குறாங்க, சரி. அதை ஓட்டுக்குக் கொண்டுவருவீங்களான்னு கேக்கவே இல்லையே தம்பி?” என்றார். மாநிலத் தலைநகரான ஆல்பனியின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

பாலீர்ப்பின் அடிப்படையில் வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதா 1971இலேயே ஆல்பனியில் அறிமுகமானது. மாநிலக் கீழவையான அசெம்பிளி 1993 முதல் அதை நிறைவேற்றத் தொடங்கியது. குடியரசுக் கட்சியின் கையிலிருந்த மேலவையான செனட்டிலோ அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2002 அக்டோபரில், அப்போது மாநிலத்தின் முதன்மையான தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பாக இருந்த எம்பயர் ஸ்டேட் பிரைட் அஜெண்டா, ஜனநாயகக் கட்சியின் கார்ல் மெக்காலை விட்டுவிட்டு, பதவியில் இருந்த குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் படாக்கிக்கு ஆதரவு அறிவித்தது. தேர்தல் முடிந்தபின் டிசம்பர் 17 அன்று செனட் தலைவர் ஜோசப் புரூனோ மசோதாவை அவைக்குக் கொண்டுவர, 34க்கு 26 என்ற கணக்கில் அது நிறைவேறியது. படாக்கி அன்றே கையெழுத்திட்டார். கதவைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பேச வேண்டும் என்ற கணக்கு அந்த முறை பலித்தது.

ஆனால் அந்தக் கணக்கில் திருநர் விடுபட்டார்கள். சட்டத்தில் பாலின அடையாளத்தையும் சேர்க்க வேண்டும் என்று திருநர் போராளி சில்வியா ரிவேரா மன்றாடிவந்தார். 2002 பிப்ரவரியில் மருத்துவமனையில் மரணப் படுக்கையில் இருந்தபோதுகூட, பிரைட் அஜெண்டாவின் பொறுப்பாளர்களை அருகில் அழைத்து அதைத்தான் பேசினார். அவையில் செனட்டர் டாம் டுவேன் கொண்டுவந்த திருத்தமும் தோற்றது. திருநருக்கான பாதுகாப்புச் சட்டம் 2019 ஜனவரியில்தான் வந்தது. பதினாறு ஆண்டுகள் ஒரு மனிதரின் வேலை வாழ்வில் பாதி. இதைப் படித்த கூட்டத்தில் நம் திருநங்கை உறுப்பினர்கள் பேசியதைக் கேட்ட எவரும், ஓர் ஆதரவு அறிவிப்பில் யார் விடப்பட்டார்கள் என்று பார்க்காமல் இனி அதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தன்பாலீர்ப்பாளரின் திருமணச் சம உரிமைக் கதை நம் வாசலிலேயே நடந்தது. 2009 டிசம்பர் 2 அன்று செனட்டில் அந்த மசோதா 38க்கு 24 என்று தோற்றது. குடியரசுக் கட்சியினர் முப்பது பேரும் எதிர்த்தார்கள். எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் எட்டுப் பேரில் நால்வர் குயின்ஸைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டு ஃபைட் பேக் நியூயார்க் என்ற நிதிக் குழு உருவானது. நண்பர்களுக்கு ஆதரவு தருவதைவிட, எதிர்த்து வாக்களித்தவர்களைத் தோற்கடிப்பதே அதன் நோக்கம். குயின்ஸில் ஹிராம் மொன்செராட்டே, பஃபலோவில் வில்லியம் ஸ்டாகோவ்ஸ்கி, மீண்டும் குயின்ஸில் நெடுநாள் குடியரசுக் கட்சி செனட்டர் ஃபிராங்க் படவன் ஆகிய மூவரும் 2010இல் தோற்றார்கள். மொன்செராட்டே குற்றத் தீர்ப்புக்குப்பின் செனட்டிலிருந்தே நீக்கப்பட்டவர் என்பதால், மூன்று தோல்விகளையும் ஒரே காரணத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஆயினும் 2009இல் எதிர்த்த ஜனநாயகக் கட்சியினரில் அடாபோ, ஹன்ட்லி, குரூகர் மூவரும் 2011 ஜூனில் நிலையை மாற்றிக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியின் அலெசி, மெக்டொனால்ட், சேலண்ட், கிரிசாண்டி நால்வரும் சேர்ந்துகொள்ள, 24ஆம் தேதி இரவு மசோதா 33க்கு 29 என்று வென்றது.

அந்த நால்வருக்கும் பின்னர் நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. திருமண மசோதாவுக்கு வாக்களிப்பவருக்குத் தங்கள் ஆதரவு கிடையாது என்று, குடியரசுக் கட்சி வேட்பாளர்களைப் பெரும்பாலும் ஆதரிக்கும் சிறு கட்சியான கன்சர்வேடிவ் கட்சி முன்பே அறிவித்திருந்தது. நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஒவ்வொருவருக்கும் 10,300 டாலர் நன்கொடை தந்தார். ஆனாலும் 2012இல் அலெசி போட்டியிடவில்லை. மெக்டொனால்ட், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். சேலண்ட் பொதுத் தேர்தலில் தோற்றார். கிரிசாண்டி அந்த முறை தப்பி, 2014இல் பதவி இழந்தார். பணம் தருவது எளிது. அவர்களுடைய கட்சியின் உட்கட்சித் தேர்தலில் போய் வாக்களிக்கும் ஆட்கள் நம் பக்கம் போதுமான அளவில் இல்லை. நியூயார்க்கில் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே அக்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியும். இவ்வாண்டு கட்சிப் பதிவை மாற்றக் கடைசி நாள் பிப்ரவரி 14, உட்கட்சித் தேர்தலோ ஜூன் 25. அந்த இடைவெளியை அறியாமல் வாய்ப்பை இழந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள்.

வேட்பாளரை ஆதரிக்க நமக்குத் தடை உண்டெனினும், மக்கள் வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானத்தைப் பற்றிச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் பேச நமக்கு உரிமை உண்டு. பாலீர்ப்பு, பாலின அடையாளம் உள்ளிட்டவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதும் முதலாம் முன்மொழிவு நவம்பர் 5 வாக்கெடுப்புக்கு வந்தபோது அந்த உரிமையைப் பயன்படுத்தினோம். நகரத்தில் அது வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. சீட்டில் தமிழும் கிடையாது. ஆகவே சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லித் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரித்து, உறுப்பினர்கள் தத்தம் குடும்பங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். முன்மொழிவு வெற்றி பெற்றது.

2026இல் ஆளுநர் பதவிக்கும் இரு அவைகளின் எல்லா இடங்களுக்கும் தேர்தல் வருகிறது. அதை முன்னிட்டு நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது: நம் பகுதியில் போட்டியிடும் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை மாற்றாமல் தமிழில் வெளியிட வேண்டும், அக்கேள்விகளில், தாம் ஆதரிக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வர என்ன செய்வார் என்பதும், அதில் திருநரை விட்டுவிடச் சொன்னால் என்ன செய்வார் என்பதும் கட்டாயம் இடம்பெற வேண்டும். கேள்விகளை வரைய ஒரு துணைக்குழுவும், அதில் பெற்றோர் வட்டத்துக்கும் திருநர் உறுப்பினர்களுக்கும் இடமும் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றைய கூட்டம் முடிவதற்குள் துணைச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்